ஒரு கை பாக்கி

கொஞ்சம் தள்ளி உக்காருங்க பெரியம்மா. உங்களை விரட்டலை. இந்தக் கம்பளிப் பஞ்சு பறந்து உங்க சேலையில ஒட்டிக்கிரும், அப்புறம் அடிச்சுத் துவைச்சாலும் போகாது. என் முந்தானையைப் பாருங்க, என்னமோ கோழிக்குஞ்சை மடியில வச்சு வளர்த்தவ மாதிரி மஞ்சமஞ்சேன்னு கெடக்கு.

உள்ள உங்க மகளா? தலைப்பிரசவமா? ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க. நான் காலையிலேயே வந்துட்டேன். கையில ஊசியும் நூலுமா உக்காந்திருக்கிறதைப் பாத்துட்டு, இவளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்போலன்னு நினைச்சுக்கிராதீக. எனக்கு இதைக் கண்டாலே குமட்டும். சத்தியமாச் சொல்றேன். சும்மா உக்காந்திருக்க முடியலை, அதனால போட்டுக்கிட்டு இருக்கேன். போட்டதைத் திரும்பப் பிரிச்சிருவேன். ஏன் பிரிக்கிறேன்னு கேட்டா அது ஒரு பெரிய கதை. கதவு இப்ப தொறக்கிற மாதிரி தெரியலை. கேளுங்க.

உள்ள இருக்கிறது என் ஓரகத்தி, சிந்துஜா. என் கொழுந்தன் பாலகுரு பொண்டாட்டி. அந்தா அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தானே ஒருத்தன், சட்டைப் பித்தானை மாத்திப் போட்டுக்கிட்டு, அவன்தான். மருந்துச் சீட்டை எடுத்துக்கிட்டு ஓடியிருக்கான். எங்களுக்கு மிளகாய் வத்தல், மல்லி கமிஷன் மண்டி. கீழ மண்டி, மேல வீடு. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. மாமியார் போன பிறகு அந்த வீட்டுல பெரிய மனுஷின்னா நான்தான். சிந்துஜாவுக்குப் பெத்தவளும் இல்லை, சின்னதிலேயே போய்ச் சேந்துட்டாக. அதனால வளைகாப்பா, பிரசவமா, எல்லாம் என் தலையிலதான்.

ரெண்டு தடவை அவளுக்குத் தங்கலை பெரியம்மா. ரெண்டாவது தடவை ஆறு மாசம் தாண்டிப் போச்சு. அதைப் பத்திப் பேச வேண்டாம், இந்த இடத்துல உக்காந்துக்கிட்டு. இந்தத் தடவை டாக்டரம்மா கண்டிச்சுச் சொல்லிட்டாக, படுத்தே இருக்கணும், மாடிப்படி இறங்கக்கூடாதுன்னு. அவளும் படுத்தா. பகல் முச்சூடும் விட்டத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருப்பா. சாப்பிடுன்னா சாப்பிடுவா, எந்திரின்னா எந்திரிப்பா. இவ என்னத்தை நினைச்சுக்கிட்டுக் கெடக்காளோன்னு நான் எட்டி எட்டிப் பாத்துட்டுப் போவேன். அப்புறம் ஒரு நாள் போனுல எவளோ ஒருத்தி ரெண்டு குச்சியை வச்சுக்கிட்டு நூலை ஆட்டிக்கிட்டு இருந்தா. இவ அதையே பாத்துக்கிட்டு இருந்தா. ஒரு வாரத்துல பார்சல் வந்துருச்சு. நூலு, ஊசி, கத்திரிக்கோல், என்னென்னமோ. சரி, கழுதை, மனசு மாறட்டும்னு நானும் விட்டுட்டேன். அங்கதான் நான் தப்புக் கணக்குப் போட்டுட்டேன்.

விருதுநகர்ல கம்பளி. நீங்களே சொல்லுங்க. சித்திரை மாசம் எங்க வீட்டு மாடியில வெறுங்கால்ல நிக்க முடியாது, குழாயைத் தொறந்தா வெந்நீர் வரும். இந்த ஊருல உக்காந்துக்கிட்டு இவ கம்பளி பின்னுறா. முதல்ல ஒரு சதுரம் போட்டா. சதுரம்னு அவ சொன்னா. நாலு மூலையும் நாலு பக்கம் பாத்துச்சு. என்னடி இதுன்னு கேட்டேன். காபி டம்ளருக்கு அடியில வைக்கிறதாம். டம்ளரை வச்சா ஒரு பக்கமாச் சாயுது. காபி கொட்டி, அந்தப் பஞ்சு அம்புட்டையும் குடிச்சுட்டு உக்காந்துக்கிச்சு. மூணாம் நாள் மேஜைப் பக்கம் போனா ஒரு புளிச்ச நாத்தம், எலி கிலி செத்துருச்சான்னு பீரோவை எல்லாம் நகட்டித் தேடினோம்.

சரி, அதோட விட்டாளா? மிக்சிக்குச் சட்டை. மிக்சிக்கு என்னத்துக்கு பெரியம்மா சட்டை? அதுக்கென்ன குளிருதா? நீலக் கலர்ல பின்னி மாட்டியிருந்தா, தொங்கலும் குஞ்சமுமா. நான் அவசரத்துல ஜாரை மாட்டி மூடியை அமுக்கினேன். நூலும் சேந்து உள்ள போயிருச்சு போல. எனக்குத் தெரியலை. எங்க வீட்டுக்காரர் இட்லியைச் சட்னியில தொட்டு வாயில வச்சாக. மென்னாக. அப்புறம் ரெண்டு விரலை வாய்க்குள்ள விட்டு இழுக்காக, இழுக்காக, நீலமா வந்துக்கிட்டே இருக்கு. நான் அன்னைக்குப் பூரா சாப்பிடலை. 

அவ புருஷனுக்கு ஒரு குல்லா. அந்தக் கிறுக்கன் அதைப் போட்டுக்கிட்டு மண்டிக்கு இறங்கிப் போனான். வைகாசி வெயிலு. லோடுமேனுங்க மூட்டையைக் கீழ போட்டுட்டுச் சிரிச்சிருக்கானுங்க. அதைக் கழட்டவே மாட்டேன்னுட்டான். சாயங்காலம் மாடிக்கு வந்தா வேர்வையும் கம்பளியும் வத்தல் நெடியும் சேந்து ஒரு வாடை, நான் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் சோறு போட்டேன். அவ பொண்டாட்டி அவனைப் பாத்துச் சிரிச்சா. ஆறு மாசத்துக்குப் பிறகு அன்னைக்குத்தான் அவ பல்லைப் பாத்தேன். அதனால அவனை ஒண்ணும் சொல்லலை. எனக்கு ஒரு மஃப்ளர் போட்டுக் குடுத்தா. கழுத்துல ஒரு நிமிஷம் இருந்துச்சு, தடிச்சுத் தடிச்சு வந்துருச்சு. அதை நான் அடுப்படியில கரித்துணியா வச்சுக்கிட்டேன். சட்டி இறக்குறதுக்கு நல்லா இருக்கு, பொய் சொல்லக்கூடாது.

அதெல்லாம் சும்மா போலிக் கம்பளி. அப்புறம் வரவழைச்சா பாருங்க, அசல்னு சொல்லி. தொட்டுப் பாத்தேன், சாதாரணமா இல்லை. இது எதுல செஞ்சதுடின்னு கேட்டா, ஆட்டு ரோமம்ங்கிறா. ஆட்டு மயிரு பெரியம்மா. வைய வரலை, உள்ளதைச் சொல்றேன். ஆட்டு மயிரைப் பெட்டி போட்டு அனுப்புறான், இவளும் அதைக் கன்னத்துல வச்சு வச்சுப் பாக்கா. எங்க வீடு வெஞ்சனத்துல முடி கெடந்தா தட்டைத் தள்ளிட்டு எந்திரிக்கிற வீடு. அங்க ரசத்துல மஞ்ச மயிரு, மோர்ல மஞ்ச மயிரு, தலைகாணியில மஞ்ச மயிரு. நான் பொறுத்துக்கிட்டேன். ஏன் பொறுத்தேன்னு தெரியலை, பொறுத்துக்கிட்டேன்.

ஒரு நாள் கஞ்சி கொண்டுபோயிக் குடுக்கப் போறேன், மடியில சின்னதா ஒண்ணை வச்சுப் பின்னிக்கிட்டு இருக்கா. ஸ்வெட்டர், உள்ளங்கை அகலத்துக்கு முதுகு. எனக்குப் புரிஞ்சுபோச்சு.  எங்க பக்கத்துல குழந்தை பிறக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஊக்குகூட வாங்க மாட்டோம். உங்க பக்கமும் அப்படித்தானே? முதத் தடவை அந்தக் கிறுக்கன் நாலாம் மாசமே தொட்டில் கம்பு வாங்கிட்டு வந்தான். ரெண்டாந் தடவை குளிப்பாட்டுற பிளாஸ்டிக் தொட்டி. அந்தத் தொட்டியில இப்ப மல்லி அள்ளுறாக. அதனால நான் சத்தம் போட்டேன். புத்தி இருக்கா உனக்கு, பட்டது போதாதான்னு கேட்டுட்டேன். அவ நிமிந்துகூடப் பாக்கலை. "வாங்கினாத்தானேக்கா தப்பு? நான் வாங்கலையே, பின்னிக்கிட்டுத்தானே இருக்கேன்"னா. ஆஸ்பத்திரி ரூம்ல ஏசி போடுவாகளாம், புள்ளைக்குக் குளிருமாம்.  கஞ்சியைப் பக்கத்துல வச்சுட்டுத் திரும்பிட்டேன்.

பின்னி முடிச்சுப்புட்டா. மத்ததெல்லாம் கோணலும் மாணலுமாப் போட்டவ, இதை மட்டும் என்னமோ பரவாயில்லாமப் போட்டிருந்தா. எனக்குத் தூக்கம் போச்சு. புதுத்துணி, முழுசா முடிச்ச துணி, பொறக்காத புள்ளைக்கு, நம்ம வீட்டுக்குள்ள. பிரிச்சுப் போட்டுறலாமான்னுகூட நினைச்சேன். அப்புறம்தான் யோசனை வந்துச்சு. பிறந்த புள்ளைக்கு முதல்ல பழசுதானே போடுவோம்? நோய் நொடி இல்லாம வளந்த இன்னொரு புள்ளை போட்டுக் கழிச்சதைத்தானே வாங்கிப் போடுவோம்? அப்ப இதையும் பழசாக்கிட்டா என்ன? வேற ஒரு புள்ளை போட்டுருச்சுன்னா அது அந்தப் புள்ளை துணி. இவ புள்ளைக்கு வெறும் இரவல். தோஷம் கழிஞ்சது.

எதிர்வீட்டு ஜெபராணிக்கு அஞ்சு மாசத்துல ஒரு பையன், ஜெர்வின். குண்டுப் பூசணி. அவனைவிட ஆரோக்கியமான புள்ளை எங்க தெருவுலயே கிடையாது. சிந்துஜாவைக் கூட்டிக்கிட்டுக் கொழுந்தன் டாக்டரம்மா எழுதிக் குடுத்த ஸ்கேனுக்கு மதுரை போன அன்னைக்கு, ஸ்வெட்டரை முந்தானைக்குள்ள சுருட்டிக்கிட்டு மண்டி வழியா இறங்கினேன். அன்னைக்குன்னு பாத்து வத்தல் கொட்டிப் புடைச்சுக்கிட்டு இருக்கானுங்க. நமக்கெல்லாம் பழகிப்போச்சு, தும்மல்கூட வராது. இந்தப் பாழாப்போன கம்பளி அம்புட்டு வத்தல் தூசியையும் உறிஞ்சி வச்சுக்கிச்சு, எனக்கு எங்க தெரியும்? ஜெபராணிகிட்ட விவரத்தைச் சொன்னேன். நல்ல புள்ளை, சிரிச்சுக்கிட்டே மாட்டிவிட்டா. பத்தாததைப் பிடிச்சு இழுத்து மாட்டினோம். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் வீல்னு ஒரு கத்து. கழுத்து, கக்கம் எல்லாம் செக்கச்செவேல்னு சிவந்துபோச்சு. கத்தின கத்துல குடிச்ச பாலை எல்லாம் அந்த ஸ்வெட்டர் மேலயே கக்கிப்புட்டான். தேங்கா எண்ணெயைத் தடவி அவனை அமத்துறதுக்குள்ள எங்க ரெண்டு பேருக்கும் உசுரு போயிருச்சு. உங்க வீட்டுத் துணி எதையும் இனிமே கொண்டு வராதீங்கக்கான்னு அவ பிறகு சொல்லிட்டா. சொல்லாம என்ன செய்வா.

வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஆட்டு மயிரு, வத்தல் தூசி, கக்கின பாலு. மூணும் சேந்தா என்ன வாடை வரும்னு நீங்களே நினைச்சுக்கங்க. பச்சப்புள்ள துணின்னா நாம என்ன செய்வோம்? வெந்நீர்ல போடுவோம். அண்டாவுல தண்ணியைத் தளதளன்னு கொதிக்க வச்சு, சோப்பைச் சீவிப் போட்டு, இதை உள்ள அமுக்கி, மூடி வச்சுட்டேன். ஊறட்டும்னு விட்டுட்டு, வந்து கரண்டிக் காம்பால நல்லாக் கிண்டிவிட்டேன். அடுப்படியே ஆட்டுக்கொட்டில் மாதிரி ஆயிருச்சு. ஒரு கையில மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மறு கையில வெளிய எடுத்தேன்.

சுருங்கிப்போயிருந்துச்சு பெரியம்மா. கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு தேங்காய்க்கு மாட்டலாம், அம்புட்டுத்தான். அட்டை கணக்கா விறைச்சுக்கிட்டு, கண்ணியெல்லாம் அடைஞ்சு. இழுத்துப் பாத்தேன், அசைய மாட்டேங்குது. நான் என்ன தப்பு செஞ்சேன்? எந்த வீட்டுல பச்சப்புள்ள துணியை வெந்நீர்ல போடாம இருக்காக? இப்படிச் சுருங்கும்னு பார்சல்ல ஒருத்தன் எழுதி அனுப்ப வேண்டாமா? எழுதியிருந்தாங்கிறது வேற விஷயம், அது இங்கிலீஷ்ல இருந்துச்சு.

அப்படியே தரையில உக்காந்துட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட என்னன்னு சொல்றது? உன் புள்ளைக்குப் போட்ட சட்டை சுருங்கிப்போச்சுன்னா? ரெண்டு புள்ளையைப் பறிகொடுத்தவகிட்ட? சட்டை சுருங்கிருச்சுன்னு சொன்னா அவ காதுல சட்டைன்னா விழும்? எனக்கே அப்படித்தான் விழுந்துச்சு. ஸ்கேனுக்குப் போனவுக என்ன சேதியோட வருவாகளோன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டு வந்தாக. எனக்கு அப்பவும் பயம் போகலை.

அதைக் கம்பு டப்பாவுக்குள்ள திணிச்சு வச்சேன். எங்க வீட்டுல கம்பு யாரும் தொட மாட்டாக, அந்த டப்பாவைத் தொறந்து வருஷமாகுது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி கேட்டுட்டா, அக்கா, அந்த ஸ்வெட்டரைப் பாத்தீங்களான்னு. என் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன், புள்ளை பொறந்துதான் கண்ணுல காட்டுவேன், இந்த வீட்டு முறை அதுதான்னு அடிச்சு விட்டேன். என் மூஞ்சியையே கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம், "சரிக்கா, உங்ககிட்டயே இருக்கட்டும்"னா. இப்படி ஒரு ஏமாளியான்னு எனக்கே பாவமாப் போச்சு. நடுவுல ஒரு நாள் திடீர்னு, கம்பங்கூழ் குடிக்கணும்போல இருக்குக்காங்கிறா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கம்பு தீந்துபோச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன். சிரிச்சுக்கிட்டா. மசக்கை மாதிரி என்னத்தையாவது கேக்குறா, வேற என்ன.

பூட்டி வச்சிருக்கேன்னு சொல்லியாச்சு. பொறந்தா எடுத்துக் காட்டணும். கடையில வாங்கலாம்னா அதே மஞ்சள், அதே கம்பளி எங்க கிடைக்கும்? வேற வழி? நானே பின்னணும். நான். கரண்டியும் அரிவாமனையும் பிடிச்ச கை. அவ பெட்டியில ஊசி ஜோடி ஜோடியாக் கெடந்துச்சு, ஒரு ஜோடியை எடுத்துக்கிட்டேன். மத்தியானம் எல்லாரும் கண் அசந்த பிறகு ஸ்டோர் ரூம்ல போயி உக்காந்துக்கிருவேன். முதல்ல போட்டதெல்லாம் கயிறு மாதிரி வந்துச்சு. வேர்வையில விரல்ல ஒட்டும், நாக்குல ஒட்டும், மூக்குக்குள்ள போகும். போனுல அந்தப் பொம்பளை பேசுறது ஒரு எழவும் விளங்கலை. சீன்னு தூக்கி எறிஞ்சுட்டு, திரும்பப் போயி எடுத்துட்டு வருவேன்.

என் நல்ல நேரம், சிந்துஜாவும் அதே சமயத்துல இன்னொண்ணு ஆரம்பிச்சா. அதே மஞ்சள், அதே அளவு. யாரோ சிநேகிதி புள்ளைக்காம். அவளுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்துச்சு பாருங்க, வாய்விட்டு எண்ணுறது. ஒரு நேர், ஒரு புரட்டு, இப்ப ரெண்டைச் சேத்து ஒண்ணுன்னு தனக்குத்தானே பேசிக்கிட்டே போடுவா. அதுவும் நான் காய் நறுக்க உக்காந்தாத்தான் ஆரம்பிப்பா. கிறுக்கு பிடிச்சுருச்சோன்னு நினைச்சேன். இருந்தாலும் காதுல விழுறதை விடுவானேன்னு நானும் கேட்டு வச்சுக்குவேன். கழுத்து வளைவுல எனக்குப் பிடிபடாம நாலு நாளா மல்லுக்கட்டுனேன். அவளும் அப்பக் கழுத்துலதான் நின்னா. பின்னுவா, பிரிப்பா, திரும்பப் பின்னுவா. ஒரே கழுத்தை எத்தனை தடவைதான் பிரிச்சுப் போடுவா? மண்டையில ஒண்ணும் ஏறலை போல. நான் கத்துக்கிட்டு முடிச்ச பிறகுதான் அவளுக்கே அது சரியா வந்துச்சு.

நூலும் அவ கூடையில இருந்துதான் எடுப்பேன். கொஞ்சம் கொஞ்சமா, தெரியாம. அதுலயும் பாருங்க, எடுக்க எடுக்கக் குறையவே இல்லை. இன்னைக்கு ஒரு உருண்டை எடுத்தா மறுநாள் அதே இடத்துல இன்னொண்ணு உக்காந்திருக்கு. எம்புட்டு வாங்கிக் குவிச்சிருப்பா, எண்ணிக்கை தெரியுதா, கணக்குத் தெரியுதா? நான் திருடுறதுகூடத் தெரியாம ஒரு பொம்பளை. இவ நாளைக்கு எப்படிக் குடும்பத்தைக் கட்டிக் காப்பான்னு கவலையாப் போச்சு எனக்கு.

நீங்க கேக்க வாயைத் தொறக்கிறது தெரியுது. புள்ளை பொறக்கிறதுக்கு முன்னாடி அவ பின்னினது தப்பு, நீ பின்னுறது தப்பில்லையான்னுதானே? அதையும் யோசிக்காம இருப்பேனா? முதல்ல, பழசாக்கணும். ஜெர்வின்கிட்டக் கொண்டுபோக முடியாது. அதனால முதுகும் முன்பக்கமும் போட்ட உடனே அதை என் தலைகாணிக்கு மேல விரிச்சு, தினம் அதுலதான் கன்னத்தை வச்சுப் படுத்தேன். முகமெல்லாம் அரிப்பு. காதோரம் சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாப் போச்சு, இந்தா பாருங்க. எங்க வீட்டுக்காரர், என்னடி மூஞ்சி பணியாரம் மாதிரி இருக்குன்னு கேட்டாக. வேர்க்குரு, போங்கன்னுட்டேன். ரெண்டாவது, ஒரு கையைப் போடாம விட்டு வச்சிருக்கேன். இடது கை. கை இல்லாதது சட்டையா? முடிக்காத வரைக்கும் அது வெறும் நூல்தானே. உள்ள இருந்து அழுகைச் சத்தம் வந்த பிறகுதான் இந்தக் கையை முடிப்பேன். அதனாலதான் நாலு வரி போடுறது, பிரிக்கிறது. முடிக்கவும் கூடாது, கையைச் சும்மா வச்சுக்கிட்டு இருக்கவும் முடியலை. காலையில இருந்து இந்த ஒரே அரை அடி நூலைத்தான் போட்டுப் போட்டுப் பிரிக்கிறேன். எச்சில் இலை மாதிரி ஆயிருச்சு, தொடவே கூசுது.

நூல் நுனியைக் கொஞ்சம் பிடிங்க. சிக்கலாகுது. வேண்டாம் வேண்டாம், விடுங்க, கதவு தொறக்குது.

யாரு சிஸ்டர்? சிந்துஜாவா? நாங்கதான். நான்தான் கூட வந்தவ. அழுதுச்சா? அதை முதல்ல சொல்லுங்க, புள்ளை அழுதுச்சா? எனக்குச் சத்தம் கேக்கலையே. நல்லா அழுதுச்சா? இப்பவும் அழுதுக்கிட்டு இருக்கா? கதவை இன்னும் கொஞ்சம் தொறங்க. ஆமா. ஆமா, கேக்குது. பொம்பளப்புள்ளையா? அவ எப்படி இருக்கா? பேசுறாளா? பழைய துணி இருக்கு சிஸ்டர், துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன், என் மகன் பொறந்தப்பச் சுத்தின வேட்டி, இந்தாங்க. வேற என்ன? என்ன கேக்கச் சொன்னா? திரும்பச் சொல்லுங்க.

கேட்டீகளா பெரியம்மா? "அக்கா இடது கையை முடிச்சிட்டாங்களா, இல்லை இன்னமும் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருக்காங்களான்னு கேட்டுட்டு வாங்க." இப்படிக் கேட்டு அனுப்பியிருக்கா.

இடது கைதான் பாக்கின்னு இவளுக்கு யாரு சொன்னது? எங்க வீட்டுக்காரருக்குக் கை எது, கழுத்து எதுன்னே தெரியாது. கொழுந்தனுக்குத் தெரியாது. உங்ககிட்டத்தான் இப்ப முதல் தடவையா வாயைத் தொறந்திருக்கேன். நீங்க என் பக்கத்தை விட்டு நகரவே இல்லையே.

இருங்க. கம்பங்கூழ் கேட்டாளே.

கம்பு டப்பாவைத் தொறந்திருக்கா. அடுப்படிக்கு நடந்துபோயி, அந்தச் சுருங்கினதைக் கையில எடுத்துப் பாத்திருக்கா. நிறைமாசத்தை நெருங்குற வயித்தோட, தன்னந்தனியா. எடுத்த இடத்துலயே திரும்ப வச்சிருக்கா. என் தலைகாணி மேல கெடந்ததையும் போயிப் பாத்திருக்கா, இடது கை மட்டும் நாலு வரியைத் தாண்டாம நிக்கிறதை. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. கேக்காம வந்து உக்காந்து, எனக்குக் கேக்கட்டும்னு ஒரு நேர் ஒரு புரட்டுன்னு வாய்விட்டு எண்ணியிருக்கா. நூலை வாங்கி வாங்கிக் கூடையில போட்டிருக்கா. அந்தக் கழுத்தை நாலு நாளும் எனக்காகத்தான் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டிருக்கா. அவ பயந்துருவான்னு நான் மறைச்சேன். நான் பயந்துருவேன்னு அவ மறைச்சிருக்கா. பயம் யாருக்கு அதிகம்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பெரியம்மா, எனக்குத்தான் தெரியலை.

சீ, என்ன பொண்ணு இவ. இத்தனை நாளும் என் மூஞ்சி சிவந்து வீங்கினதைப் பாத்துக்கிட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி கஞ்சி வாங்கிக் குடிச்சிருக்கா.

வாரேன் சிஸ்டர், இந்தா வந்துட்டேன். இல்லை பெரியம்மா, முடிச்சுட்டுப் போக நேரமில்லை. இப்படியே எடுத்துட்டுப் போறேன், ஊசி தொங்கத் தொங்க. ஒத்தைக் கைச் சட்டையைப் பாத்ததும் சிரிப்பா. தையல் வலிக்க வலிக்கச் சிரிப்பா, எனக்குத் தெரியும் அவளை. சிரிக்கட்டும். இதே வாசல்ல இருந்து ரெண்டு தடவை அவளை வெறுங்கையோட ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போனவ நான்தான். வீடு போற வரைக்கும் என் மடியில முகத்தை வச்சுக்கிட்டு வந்தா. இன்னைக்கு என்னைப் பாத்து நல்லாச் சிரிக்கட்டும்.